கப்பலேறியவரின் சொந்த ஊர்: நியூ இங்கிலாந்து மூதாதையரின் ஆங்கிலப் பூர்விகத்தைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

பழைய அமெரிக்கக் குடும்பம் ஒன்றின் மரத்தில் மேலே ஏறிக்கொண்டே போனால் ஓரிடத்தில் முட்டி நிற்கும். 1630-களில் மாசச்சூசெட்ஸ் கரையில் இறங்கிய ஒருவர் அங்கே இருப்பார். அவர் வாங்கிய நிலம், பெற்ற பிள்ளைகள், எழுதிய உயில் என்று அமெரிக்கப் பக்கத்தில் எல்லாம் கிடைக்கும். இங்கிலாந்துப் பக்கத்தில் கிடைப்பது ஒரே வரிதான்: “பிறப்பு சுமார் 1600, இங்கிலாந்து.”

நாம் கேட்கும் கேள்வி நம்மூரில் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பதுதான்: சொந்த ஊர் எது? 1620 முதல் 1640 வரை ஏறத்தாழ 20,000 பேர் நியூ இங்கிலாந்துக்கு, அதாவது மாசச்சூசெட்ஸ் உள்ளிட்ட வடகிழக்கு அமெரிக்கப் பகுதிக்கு, குடிபெயர்ந்தார்கள். அப்போது இங்கிலாந்தில் சுமார் பத்தாயிரம் பாரிஷ்கள் இருந்தன. பாரிஷ் என்றால் ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி; நம் கத்தோலிக்கர்கள் பங்கு என்பார்களே, அதுதான். அந்தப் பத்தாயிரத்தில் உங்கள் ஆளின் பாரிஷ் எது என்று காட்டுவதுதான் வேலை.

பெரும்பாலோர் இந்த வேலையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இணையத்தளத்தில் பெயரைத் தட்டி, ஏறக்குறைய பொருந்தும் ஆண்டில் வரும் முதல் ஞானஸ்நானத்தை எடுத்து மரத்தில் ஒட்டிவிடுகிறார்கள். ஜான், வில்லியம், தாமஸ் என்று நாலைந்து பெயர்களையே ஊர் முழுக்கச் சூட்டிய காலம் அது. பெயர் ஒத்துப்போவது சான்றே ஆகாது. முதலில் அமெரிக்க ஆவணங்கள், அடுத்து அக்கம்பக்கத்தார், அதன்பின் ஆங்கில உயில்கள், கடைசியில்தான் பாரிஷ் பதிவேடு. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

முதல் படி: ஏற்கெனவே யாராவது கண்டுபிடித்துவிட்டார்களா?

பாஸ்டனில் 1845-இல் தொடங்கிய நியூ இங்கிலாந்து வரலாற்று வம்சாவளிச் சங்கம் 1847 முதல் ‘ரெஜிஸ்டர்’ என்ற காலாண்டிதழை நடத்துகிறது. ராபர்ட் சார்லஸ் ஆண்டர்சன் தலைமையில் 1988-இல் அங்கே தொடங்கிய ‘கிரேட் மைக்ரேஷன்’ ஆய்வுத் திட்டம், 1620 முதல் 1635 வரை வந்தவர்களைத் தலைக்கு ஒரு கட்டுரையாகத் தொகுத்திருக்கிறது. 1640 வரை வந்தவர்களுக்குத் தனியாக ஒரு பெயரடைவு உண்டு. ஒவ்வொரு கட்டுரையிலும் ‘பூர்விகம்’ என்ற தலைப்பைப் பாருங்கள். அங்கே ‘தெரியவில்லை’ என்று இருந்தால், பொதுவாகக் கிடைக்கும் ஆவணங்களைத் தேர்ந்தவர்கள் அலசிப் பார்த்தும் கிடைக்கவில்லை என்று பொருள். அதற்குப் பிறகும் ஓர் இணைய மரம் பெற்றோர், தாத்தா, பாட்டி என்று மூன்று தலைமுறையை அடுக்கினால், எந்த ஆவணத்தை வைத்து எழுதினார்கள் என்று கேளுங்கள்.

கட்டுரை வெளியான பிறகு வந்த கண்டுபிடிப்புகள் ‘ரெஜிஸ்டர்’ இதழிலும் ‘தி அமெரிக்கன் ஜீனியாலஜிஸ்ட்’ இதழிலும் இருக்கும். இரண்டின் பெயரடைவிலும் உங்கள் ஆளைத் தேடுங்கள். அவர் மனைவியின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.

பழைய அச்சு வம்சாவளிகளை நம்புமுன் ஓர் எச்சரிக்கை. 19-ஆம் நூற்றாண்டில் ஹொரேஷியோ கேட்ஸ் சோமர்பி, அதற்குப் பின் குஸ்தாவ் ஆன்ஜூ போன்றவர்கள் பணக்கார அமெரிக்கக் குடும்பங்களுக்குப் பொய்யான ஆங்கில வம்சங்களை எழுதிக் கொடுத்துப் பணம் வாங்கினார்கள். அந்தக் கட்டுக்கதைகள் புத்தகமாகி, புத்தகத்திலிருந்து இணைய மரங்களுக்கு ஏறி, இன்றும் உலவுகின்றன. குடும்பச் சின்னம், மாளிகை, பிரபு வீட்டு மருமகள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு மூல ஆவணத்தைக் கேளுங்கள்.

இரண்டாம் படி: அமெரிக்கப் பக்கத்தை முழுக்கச் சுரண்டி எடுங்கள்

கிடைக்கிற விடைகளில் பெரும்பாலானவற்றின் நுனி இங்கேதான் தொங்கிக்கொண்டிருக்கும். பிறப்பு இறப்புப் பட்டியலோடு நிறுத்திவிடுவதால் அது கண்ணில் படுவதில்லை.

சபைப் பதிவேடுகளில் தொடங்குங்கள். ராக்ஸ்பரி சபையில் போதகர் ஜான் எலியட் எழுதிய குறிப்புகளில், உறுப்பினர் எந்த ஆண்டு வந்தார், யார் கூட வந்தார் என்றெல்லாம் இருக்கும். மாசச்சூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் போதகர் தாமஸ் ஷெப்பர்ட், சபையில் சேர வந்தவர்கள் சொன்ன மனமாற்றச் சாட்சியங்களை எழுதி வைத்தார். “இன்ன ஊரில் இருந்தபோது இன்ன போதகரின் பிரசங்கம் கேட்டேன்” என்ற ஒரு வரி போதும், மாவட்டம் தெரிந்துவிடும்.

அடுத்தது ஃப்ரீமேன் பட்டியல். மாசச்சூசெட்ஸ் பே காலனியில் 1631 முதல் சபை உறுப்பினர் மட்டுமே ஃப்ரீமேன் ஆகி வாக்களிக்க முடியும். ஒருவர் ஃப்ரீமேன் ஆன தேதி தெரிந்தால், அதற்கு முன்பே அவர் வந்து சபையிலும் சேர்ந்துவிட்டார் என்று உறுதியாகிறது. வந்த ஆண்டின் மேல் எல்லை அது.

நீதிமன்ற வாக்குமூலங்களில் “வயது நாற்பது அல்லது அதற்குச் சற்று முன்பின்” என்று எழுதுவார்கள். இந்த வயதுகள் பத்தின் மடங்குக்கு இழுபடும். இரு பக்கமும் ஐந்து ஆண்டு தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். வாக்குமூலமே இல்லையென்றால் மூத்த பிள்ளையின் பிறப்பிலிருந்து பின்னால் போகலாம். அந்தக் கால இங்கிலாந்தில் ஆண்களுக்கு 27, 28 வயதிலும் பெண்களுக்கு 25 வாக்கிலும் முதல் திருமணம் நடப்பது வழக்கம்.

எல்லாவற்றையும்விட மதிப்புள்ளவை இரண்டு. ஒன்று, பாஸ்டன் வழக்கறிஞர் தாமஸ் லெச்ஃபோர்ட் 1638 முதல் 1641 வரை எழுதிய குறிப்பேடு. மற்றது, வில்லியம் ஆஸ்பின்வாலின் 1644 முதல் 1651 வரையான நோட்டரிப் பதிவுகள். இங்கிலாந்தில் அப்பாவோ அத்தையோ எழுதி வைத்துப்போன பங்கை வசூலிக்க, குடிபெயர்ந்தவர்கள் நியூ இங்கிலாந்திலிருந்து அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பினார்கள். “இன்ன ஊர் இன்னாரின் மகனாகிய நான்” என்று அதில் ஊரும் உறவும் ஒரே வாக்கியத்தில் வந்துவிடும். இரண்டும் அச்சில் வந்திருக்கின்றன. பெயரடைவை மட்டும் பார்த்துவிட்டு மூடாமல், உங்கள் ஆளின் அண்டை வீட்டார் வரும் பக்கங்களையும் படியுங்கள்.

உறவுச் சொற்களில் கவனம் தேவை. அக்கால ஆங்கிலத்தில் ‘கசின்’ என்றால் பல இடங்களில் அண்ணன் மகனோ அக்காள் மகனோதான். ‘சன் இன் லா’ என்பது மனைவிக்கு முந்தைய கணவர் வழியில் பிறந்த பிள்ளையாகவும் இருக்கலாம். ‘பிரதர்’ என்பவர் மைத்துனராக இருக்கலாம், சபைச் சகோதரராகவும் இருக்கலாம். மகளின் கணவனையும் அக்காள் மகனையும் ஒருசேர மருமகன் என்று அழைக்கும் நமக்கு இது புதிதல்ல. ‘சீனியர்’, ‘ஜூனியர்’ என்பதும் அப்பா மகன் என்று ஆகாது. ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் மூத்தவர் சீனியர், இளையவர் ஜூனியர். மூத்தவர் இறந்தபின் ஜூனியரே சீனியர் ஆகிவிடுவார். இதைக் கவனிக்காமல் இரண்டு பேரை ஒருவராக்கிய மரங்கள் ஏராளம்.

மூன்றாம் படி: அக்கம்பக்கம்

அந்தக் காலத்தில் தனியாளாகக் கிளம்பியவர்கள் குறைவு. போதகர் கிளம்பினால் சபையில் பாதி கிளம்பும். அண்ணன் போனால் தங்கை குடும்பம் அடுத்த கப்பலில் வரும். நார்ஃபோக் மாவட்டத்து ஹிங்கமிலிருந்து போனவர்கள் மாசச்சூசெட்ஸிலும் ஹிங்கம் என்றே ஊர் அமைத்தார்கள். அந்த ஊர் எழுத்தர் டேனியல் குஷிங், யார் எந்த ஆண்டு வந்தார்கள் என்று ஒரு பட்டியலே எழுதி வைத்திருக்கிறார். யார்க்‌ஷரின் ரௌலியில் போதகராக இருந்த எசக்கியேல் ரோஜர்ஸ் 1638-இல் தம் கூட்டத்தோடு வந்து அமைத்த ஊர் மாசச்சூசெட்ஸ் ரௌலி. 1630-இல் ‘மேரி அண்ட் ஜான்’ கப்பலில் வந்து டார்செஸ்டரில் குடியேறியவர்கள் டார்செட், சோமர்செட், டெவன் மாவட்டத்தார்.

ஆகவே ஒரு தாளில் உங்கள் ஆளைச் சுற்றி இருந்தவர்களை எழுதுங்கள். முதல் நிலப் பங்கீட்டில் பக்கத்து மனை யாருக்கு? அவர் உயிலில் சாட்சிக் கையெழுத்து யாருடையது? சொத்தை மதிப்பிட்டவர்கள் யார்? விதவையை மறுமணம் செய்தவர் யார்? ஒரே நாளில் ஃப்ரீமேன் ஆனவர்கள் யார்? இப்படிப் பத்துப் பதினைந்து பெயர் சேரும். அவர்களில் பூர்விகம் தெரிந்தவர்கள் எந்த மாவட்டத்தில், எந்த ஊர்களைச் சுற்றிக் குவிகிறார்கள் என்று வரைபடத்தில் குறியுங்கள். மூன்று நான்கு பேர் பத்து மைல் வட்டத்துக்குள் விழுந்தால் தேடலை அங்கே தொடங்கலாம்.

ஊரின் பெயரை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். பல ஊர்களுக்குக் காலனியின் பொது மன்றமே பெயர் வைத்தது. குடியேறியவர்களில் ஒரு பகுதியினரே அந்தப் பெயருள்ள ஆங்கில ஊரைச் சேர்ந்தவர்களாக இருப்பார்கள்.

கப்பல் பட்டியல்கள்

இவற்றில் எல்லோரும் வைக்கும் நம்பிக்கை அளவுக்கு மீறியது. எஞ்சியிருக்கும் மூலப் பட்டியல்கள் கொஞ்சம்தான். 1635-இன் லண்டன் துறைமுகப் பதிவேடு அவற்றில் பெரியது. ‘மேரி அண்ட் ஜான்’ கப்பலுக்கு மூலப் பட்டியல் கிடையாது. 1630-இல் ஜான் வின்த்ரப் தலைமையில் வந்த கப்பல் தொகுதிக்கும் முழுப் பட்டியல் இல்லை. அந்தப் பெயர்களில் உலவுபவை எல்லாம் பிற்காலத்தில் ஊகித்துத் தொகுத்தவை.

மூலப் பட்டியல் கிடைத்தாலும் அதை எப்படிப் படிப்பது என்பதற்கு ஓர் உதாரணம். 1637 ஏப்ரலில் யார்மத் துறைமுகத்தில் எழுதிய பதிவில் நாரிச் நகர நெசவாளர் ஃபிரான்சிஸ் லாஸ், அவர் மனைவி, ஒரு பிள்ளை, இரண்டு வேலையாட்கள் வருகிறார்கள். வேலையாட்களில் ஒருவன் ‘சாமுவேல் லின்கார்ன், வயது 18’. இவர்தான் ஆபிரகாம் லிங்கனின் மூதாதை சாமுவேல் லிங்கன். ஹிங்கம் பதிவேட்டில் அவர் ஞானஸ்நானம் 1622 ஆகஸ்ட் 24. அந்தக் கணக்கில் கப்பலேறும்போது வயது 15-ஐக்கூடத் தாண்டவில்லை. பெயரும் பிசகுகிறது, வயதும் மூன்று ஆண்டு தள்ளுகிறது, ஆனாலும் ஆள் அவரேதான். பட்டியலில் உள்ள வயதை அப்படியே நம்பி 1619-ஐ மட்டும் தேடியவருக்கு இவர் கிடைத்திருக்க மாட்டார்.

நான்காம் படி: ஆங்கில உயில்கள்

பாரிஷ் பதிவேடு ‘ஜான், ராபர்ட்டின் மகன்’ என்பதோடு நின்றுவிடும். அந்த ஜான் கடல் கடந்தாரா என்று அது சொல்லாது. உயில் சொல்லும்: “இப்போது நியூ இங்கிலாந்தில் இருக்கும் என் மகன்”, “கடலுக்கு அப்பால் உள்ள என் தங்கையின் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஐந்து பவுண்டு.”

1858 வரை இங்கிலாந்தில் உயில்களை மெய்ப்பித்தவை திருச்சபை நீதிமன்றங்கள். அவற்றில் மேலானது கேன்டர்பரி பிரெராகட்டிவ் நீதிமன்றம். அதன் உயில் பிரதிகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘புரோப் 11’ என்ற தொகுதியில் 1384 முதல் 1858 வரை இருக்கின்றன. இணையத்தில் படமாகவே எடுக்கலாம். வட மாவட்டங்களுக்கு யார்க் நீதிமன்றம். அதன் ஆவணங்கள் யார்க்கின் போர்த்விக் நிறுவனத்தில். சாதாரண விவசாயி, தச்சர், நெசவாளர் உயில்கள் பெரும்பாலும் கீழ் நீதிமன்றங்களில்தான் மெய்ப்பிக்கப்பட்டன. அவற்றை மாவட்ட ஆவணக் காப்பகத்தில் தேடவேண்டும். டெவன், சோமர்செட் உயில்களில் பெரும்பகுதி 1942-இல் எக்ஸிட்டர் நகரக் குண்டுவீச்சில் எரிந்துபோனது. அந்த மாவட்டத்து ஆள் என்றால் கேன்டர்பரி நீதிமன்ற உயில்களையும் பழைய உயில் சுருக்கத் தொகுப்புகளையும் விட்டால் வழி குறைவு.

அட்டவணைகளில் இருப்பது உயில் எழுதியவரின் பெயர். பங்கு பெற்றவரின் பெயர் இருக்காது. உங்கள் ஆளின் பெயரைத் தட்டினால் ஒன்றும் வராது. நீங்கள் குறித்த வட்டத்துக்குள் அதே குடும்பப் பெயரில் 1600 முதல் 1670 வரை உள்ள எல்லா உயில்களையும் எடுக்கவேண்டும். மனைவியின் குடும்பப் பெயருக்கும் அதையே செய்யுங்கள். பிள்ளையில்லாத சித்தப்பா, மணமாகாத அத்தை, விதவைப் பாட்டி ஆகியோரின் உயில்கள்தான் பொன்னான உயில்கள், ஏனென்றால் அவர்கள் தம்பி பிள்ளை, தங்கை பிள்ளை என்று எல்லோர் பெயரையும் சொல்வார்கள். ஆண் வழியில் எதுவும் கிடைக்காதபோது மனைவியின் அப்பா எழுதிய உயிலில் ‘என் மருமகன்’ என்று உங்கள் ஆள் வந்து நிற்பது அடிக்கடி நடக்கும்.

ஹார்வர்டின் ஊர் கிடைத்த விதம்

ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த ஜான் ஹார்வர்டு 1638 செப்டம்பரில் சார்ல்ஸ்டவுனில் இறந்தார். பாதிச் சொத்தையும் சுமார் 400 புத்தகங்களையும் கல்லூரிக்குக் கொடுத்தவர். அப்படிப்பட்டவரின் பெற்றோர் யார் என்று 247 ஆண்டுகள் யாருக்கும் தெரியாது. 1885-இல் ஹென்றி ஃபிட்ஸ்கில்பர்ட் வாட்டர்ஸ் கண்டுபிடித்தார். அவர் சென்ற பாதை உயில்களின் பாதைதான்.

லண்டன் சதக்கில் கேத்தரின் யியர்வுட் என்ற விதவை 1635-இல் எழுதிய உயிலில் ‘என் மூத்த மகன் ஜான் ஹார்வர்டு, கிளார்க்’ என்று வருகிறது. கிளார்க் என்றால் அன்று மதகுருப் பட்டம் உள்ளவர். அம்மாவின் குடும்பப் பெயர் யியர்வுட். அவர் மூன்று முறை மணந்தவர். ஹார்வர்டு என்ற பெயரை மட்டும் அட்டவணையில் தேடியிருந்தால் இந்த உயில் தட்டுப்பட்டிருக்காது. அவருடைய இன்னொரு மகன் தாமஸ் 1636-இல் உயில் எழுதி, அண்ணன் ஜானையும் அந்த உயிலின் நிறைவேற்றுநராக வைத்தார். 1637 மே மாதம் உயில் மெய்ப்பிக்கப்பட்டபோது மற்றொரு நிறைவேற்றுநர் மட்டும் வந்தார். பின்னால் வந்து பொறுப்பேற்கலாம் என்று ஜானுக்கு உரிமை ஒதுக்கி வைக்கப்பட்டது. ஜான் வரவில்லை. அதே ஆண்டு நவம்பரில் மாசச்சூசெட்ஸில் ஜான் ஹார்வர்டு ஃப்ரீமேன் ஆகிறார். மெய்ப்பித்தல் குறிப்பில் ஓரமாக எழுதியிருக்கும் ‘உரிமை ஒதுக்கம்’ என்ற சொல்தான் கடலைத் தாண்டும் பாலம். உயிலின் கடைசியில் லத்தீனில் இருக்கும் அந்தச் சிறு பத்தியைப் படிக்காமல் விடாதீர்கள்.

இதோடும் வாட்டர்ஸ் நிற்கவில்லை. 1635-இல் ஜானும் தாமஸும் எடுத்த ஒரு குத்தகைப் பத்திரத்தில் ஜானின் கையெழுத்து கிடைத்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெறும்போது அவர் போட்ட கையெழுத்தோடு அதை ஒப்பிட்டார்கள், ஒத்துப்போனது. ஞானஸ்நானம் சதக் செயின்ட் சேவியர் பதிவேட்டில் 1607 நவம்பர் 29 அன்று இருக்கிறது, ஆனால் ‘ஜான் ஹார்வி, கசாப்புக்காரர் ராபர்ட்டின் மகன்’ என்று. அப்பாவும் உடன்பிறந்தோர் பலரும் 1625 கொள்ளைநோயில் சில வாரங்களுக்குள் இறந்தார்கள். பதிவேட்டிலிருந்து தொடங்கியிருந்தால் ‘ஹார்வி’யை யார் எடுத்திருப்பார்கள்? உயில்கள் குடும்பத்தைக் காட்டிய பிறகே அந்த எழுத்துப் பிழை பிழை என்று தெரிந்தது.

ஐந்தாம் படி: பாரிஷ் பதிவேடு

1538-இல் மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் உத்தரவால் தொடங்கியவை இவை. முதலில் காகிதத்தில் எழுதினார்கள். 1598-இல் தோல் ஏட்டில் படியெடுக்கச் சொன்னபோது பல ஊர்களில் 1558 முதல் உள்ளதை மட்டும் படியெடுத்தார்கள். எனவே ஒரு பதிவேடு 1558-இல் தொடங்குவது சாதாரணம். அதே உத்தரவுப்படி ஆண்டுதோறும் பிஷப்புக்கு ஒரு பிரதி போனது. மூலப் பதிவேடு தொலைந்திருந்தால் இந்தப் பிஷப் பிரதிகளைக் கேளுங்கள். இரண்டும் இருந்தால் இரண்டையும் பாருங்கள், ஒன்றில் விட்டது மற்றதில் இருக்கும். 1642 முதல் 1660 வரை, உள்நாட்டுப் போரிலும் அதையடுத்து மன்னர் இல்லாத காலத்திலும், பல பதிவேடுகளில் ஓட்டை விழுந்திருக்கும்.

ஃபேமிலிசர்ச், ஃப்ரீரெக் என்ற இணையத்தளங்கள் இரண்டும் இலவசம். லண்டன், டார்செட் பதிவேட்டுப் படங்கள் ஆன்செஸ்ட்ரியிலும், டெவன் படங்கள் ஃபைண்ட்மைபாஸ்டிலும் உண்டு. எசெக்ஸ் ஆவணக் காப்பகம் தன் சொந்தத் தளத்தில் கட்டணத்துக்குக் காட்டுகிறது. அட்டவணையில் பெயர் வராவிட்டால், அந்தப் பாரிஷ் அந்த அட்டவணையில் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சேராத பாரிஷில் தேடி ‘இல்லை’ என்று எழுதிக்கொள்வது அடிக்கடி நடக்கும் தவறு.

தேதியில் ஒரு பொறி இருக்கிறது. 1752 வரை இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25. பதிவேட்டில் 1620 ஜூனில் திருமணம், 1620 மார்ச் 10-இல் பிள்ளையின் ஞானஸ்நானம் என்று இருந்தால், திருமணத்துக்கு முன் பிறந்த பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மார்ச் நம் கணக்கில் 1621; திருமணமாகி ஒன்பதாம் மாதம். ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை வரும் தேதிகளை 1620/21 என்று இரட்டையாகவே எழுதி வையுங்கள். நியூ இங்கிலாந்தில் மாதத்தை எண்ணால் எழுதுவார்கள்: முதல் மாதம் மார்ச், பன்னிரண்டாம் மாதம் பிப்ரவரி.

எழுத்து ‘செக்ரட்டரி’ என்ற பழைய கையெழுத்து வகை. ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்து பின்பக்கம் திரும்பிப் படுத்திருக்கும். ‘சி’ இன்றைய ‘ஆர்’ மாதிரி தெரியும். ‘எச்’சின் வால் வரிக்குக் கீழே தொங்கும். சொல்லின் நடுவில் வரும் ‘எஸ்’ நீண்டு ‘எஃப்’ போல் நிற்கும். பெரிய ‘எஃப்’புக்குப் பதில் இரண்டு சிறிய ‘எஃப்’ போடுவார்கள். கிறிஸ்டோஃபர் என்பதை ‘எக்ஸ்’, ‘பி’ என்று தொடங்கிச் சுருக்குவார்கள். லத்தீனில் இருந்தால் யாக்கோபுஸ் என்பவர் ஜேம்ஸ், கிலியெல்முஸ் என்பவர் வில்லியம். புதிய எழுத்தரின் பக்கத்துக்கு வரும்போது, தெரிந்த மாதப் பெயர்களையும் ஜான், மேரி போன்ற பெயர்களையும் வைத்து அவர் எழுத்து வடிவங்களை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். அரை மணி நேரம் ஆகும். அதன்பின் அவர் எழுதிய இருபது ஆண்டுப் பக்கங்களும் வசப்படும்.

ஒரு பெயரை மட்டும் பிடுங்கி எடுக்காமல், அந்தக் குடும்பப் பெயருள்ள எல்லாப் பதிவுகளையும் முப்பது நாற்பது ஆண்டுக்கு எழுதி, குடும்பம் குடும்பமாகப் பிரியுங்கள். சுற்றியுள்ள பாரிஷ்களிலும் இதையே செய்யுங்கள். திருமணம் பெண் வீட்டு ஊரில் நடந்திருக்கும்.

ஆறாம் படி: கழித்துப் பாருங்கள்

பொருந்தும் ஞானஸ்நானம் கிடைத்ததும் மகிழ்ச்சியில் நிறுத்திவிடத் தோன்றும். இப்போதுதான் அதைப் பொய்யாக்க முயலவேண்டும். அதே பாரிஷில் அடுத்த பத்து ஆண்டு அடக்கப் பதிவுகளைப் படியுங்கள். அந்தக் குழந்தை இரண்டு வயதிலேயே இறந்திருக்கலாம். உங்கள் ஆள் 1635-இல் பாஸ்டனில் இருக்கிறார் என்றால், அந்த ஊரில் 1637-இல் அதே பெயர்க்காரர் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறாரா? 1641, 1642-இல் பதினெட்டு வயது தாண்டிய ஆண்களிடம் வாங்கிய புராட்டஸ்டேஷன் உறுதிமொழிப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா? அப்பாவின் 1650 உயிலில் ‘இதே ஊரில் குடியிருக்கும் என் மகன்’ என்று வருகிறதா? இதில் ஒன்று நேர்ந்தாலும் அவர் உங்கள் ஆள் அல்ல. ஒரே ஊரில் அதே பெயரில் சிற்றப்பா மகன் இருந்தால் அவரையும் பிரித்துக் காட்டிவிட்டே முடிவுக்கு வரவேண்டும்.

திரும்பிப் போனவர்களையும் மறக்காதீர்கள். 1640-களிலும் 50-களிலும் இங்கிலாந்துக்கே திரும்பிய குடும்பங்கள் பல. சென்னை ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேல் 1649-இல் பாஸ்டனில் பிறந்து, சிறு பிள்ளையாகவே குடும்பத்தோடு இங்கிலாந்து போனவர்தான். எனவே 1655-இல் ஆங்கில ஊரில் அந்தப் பெயர் மறுபடி தென்பட்டால், நியூ இங்கிலாந்தில் அதே ஆண்டு உங்கள் ஆள் இருந்தாரா என்று சரிபாருங்கள்.

கழித்தலில் தப்பியவருக்கு மேலும் ஆதரவு வேண்டும்: மனைவி பெயரும் மூத்த பிள்ளைகளின் பெயரும் அதே வரிசையில் ஆங்கிலப் பதிவேட்டில் இருப்பது, கடைசிப் பதிவு குடிபெயர்ந்த ஆண்டோடு முடிவது, தொழில் ஒத்துப்போவது, கூட வந்தவர்கள் அதே வட்டாரத்தார் என்பது. ஜான், மேரி தம்பதிக்கு இவை நான்கும் வேண்டும். பெயர் அரிதாக இருந்தால் இரண்டுகூடப் போதும்.

மரபணுச் சோதனை

பன்னிரண்டு தலைமுறைக்கு மேலே உங்களுக்கு 4,096 மூதாதையர் இடங்கள் உண்டு. அவற்றில் ஒருவரின் மரபணுத் துணுக்கு இன்று உங்களிடம் இருக்க வாய்ப்பே குறைவு. ஆகவே அப்பா, அம்மா இரு வழி மரபணுவையும் பார்க்கும் சாதாரண ஆட்டோசோமல் சோதனையில் ‘பொருத்தம்’ வந்ததால் 1630-இன் ஊர் உறுதியாயிற்று என்பது தவறு. அப்பா வழியாகவே மகனுக்கு இறங்கும் ஒய் குரோமோசோம் சோதனை உதவும். ஆனால் இங்கிலாந்தில் அதே குடும்பத்தின் ஆண்வழி வாரிசு ஒருவர் சோதிக்க முன்வரவேண்டும். ஒத்துப்போனால் ‘ஒரே குலம்’ என்று தெரியும். எந்தப் பாரிஷ் என்று அது சொல்லாது. ஒத்துப்போகாவிட்டால் ஒரு தவறான வம்சத்தை அடித்துப்போட அது மிகவும் பயன்படும்.

வர்ஜீனியா என்றால்

அங்கே கதை வேறு. வந்தவர்களில் பெரும்பகுதியினர் ஒப்பந்தக் கூலிகளாகத் தனித்தனியே வந்த இளைஞர்கள். கூட்டமாக வராததால் அக்கம்பக்க வழி பலவீனமாகிறது. ஆள் ஒருவரைக் கொண்டுவந்தால் 50 ஏக்கர் என்ற ‘ஹெட்ரைட்’ முறையில் நிலப் பட்டாக்களில் பெயர்கள் இருக்கும். அந்தப் பட்டா தேதி வந்த தேதி அல்ல. உரிமையை விற்று வாங்கி, பல ஆண்டு கழித்துப் பட்டா எடுத்தார்கள். பிரிஸ்டல் துறைமுகத்தின் 1654 முதல் 1686 வரையான கூலியாள் பதிவேட்டில் சுமார் 10,000 பெயர்கள் உள்ளன. தொடக்க ஆண்டுகளில் பலருக்குச் சொந்த ஊரும் தொழிலும் எழுதியிருக்கிறது. மாவட்ட நீதிமன்ற ஆவணங்கள் சில 1865 ரிச்மண்டு தீயில் போய்விட்டன. உங்கள் மாவட்டம் அவற்றில் ஒன்றா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுதி வைப்பது

தேடிய ஒவ்வொரு பதிவேட்டுக்கும் மூன்று செய்தி எழுதுங்கள்: பாரிஷ், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, மூலப் படமா அட்டவணையா. கிடைக்காததையும் அப்படியே எழுதுங்கள். “1595–1610, பக்கங்கள் கிழிந்தவை, இல்லை” என்பது அடுத்த முறை இரண்டு நாள் உழைப்பை மிச்சப்படுத்தும். மெய்ப்பிக்கும்வரை மரத்தில் பெற்றோர் கட்டத்தைக் காலியாக விட்டு, ஊகத்தைக் குறிப்புப் பகுதியில் மட்டும் வையுங்கள். கட்டத்தில் ஒரு பெயரை ‘ஒருவேளை’ என்று போட்டால், படியெடுப்பவர்கள் பெயரை எடுத்துக்கொண்டு ‘ஒருவேளை’யை விட்டுவிடுவார்கள்.